கோஷஸ்காரி

பெரட்டுக் களத்தில் தினம் ஓர் ஆங்கில வார்த்தை சொல்லிக்கொடுக்கும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தவர், தோட்டத்தில் பெரியதுரைக்கு அடுத்த அதிகாரியான எங்கள் சின்னதுரைதான். தோட்டத்தின் பழைய பங்களாவை ஹோட்டலாக மாற்றிய பிறகு, எல்ல நகரத்துப் பக்கம் போகும் உல்லாசப் பயணிகளில் சிலர் இங்கேயும் தங்கிப்போக ஆரம்பித்தார்கள். அவர்கள் கொழுந்து பறிப்பதைப் படமெடுக்க வரும்போது நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. "ரெண்டு வார்த்த பேசினா நாக்கு தேஞ்சா போகும்?" என்றார். அதிலிருந்து, காலையில் பேர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்கு என்று பிரித்து முடித்ததும், ஒரு வார்த்தை. அவர் சொல்வார். கூடையும், இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்குமாக நின்றுகொண்டு நாங்கள் பாலர் வகுப்புப் பிள்ளைகளைப் போலத் திருப்பிக் கத்துவோம்.

அன்றைய வார்த்தை கோஷஸ், cautious.

"கெயார்ஃபுல் தெரியும்தானே?"

"தெரியும் சார்!"

"கெயார்ஃபுல்னா வேலைய ஒழுங்கா பாத்து செய்றது. கோஷஸ்னா அது இல்ல. கோஷஸ்னா..." சின்னதுரை எங்கள் வரிசையை ஒருமுறை பார்த்தார். பார்வை என் அக்காவிடம் வந்து நின்றது. "நிரஞ்சலா கோஷஸ். எங்க, எல்லாரும் சொல்லுங்க."

"நிரஞ்சலா கோஷஸ்!"

"ஏழாம் நம்பர் மலைக்குப் போகச் சொன்னா மரத்தப் பாப்பா. வானத்தப் பாப்பா. திரும்பவும் மரத்தப் பாப்பா. கொழுந்த மட்டும் பாக்க மாட்டா. அதுதான் கோஷஸ்."

களமே சிரித்தது. எங்கள் கங்காணி லூக்காஸ் தொப்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, சின்னதுரை சிரித்து ஓயும்வரை சிரித்தார். ரெங்கம்மா மாமிக்கு வாயிலிருந்த வெற்றிலை சிதறியது. அக்காவும் சிரித்தாள். அந்த இடத்தில் சிரிக்காமல் நிற்க முடியாது.

அக்காவுக்கு வானத்தையும் மரத்தையும் பார்க்கக் காரணம் இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் பொலியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் மலைகளில் கொழுந்தில் கை வைக்குமுன் பொலி சொல்லுவது முறை. கைராசி உள்ள ஒருத்தி முதல் பிடிக் கொழுந்தைப் பறித்துக் கூடையில் போட்டு "பொலி" என்று குரல் கொடுப்பாள். நிரையில் நிற்கிற மற்றவர்கள் "பொலியோ பொலி" என்று ஏந்திக்கொள்வார்கள். கொழுந்து பெருக வேண்டும் என்பதற்காகச் சொல்வது. குரல் பக்கத்து மலைக்குக் கேட்க வேண்டும் என்பார்கள். முன்பு எங்கள் டிவிஷனில் அந்தக் கைராசி அகஸ்டினா அக்காவுக்கு இருந்தது. மாதா கோவிலில் பாடிப் பழகிய பெரிய குரல். ஏழாம் நம்பர் மலையின் நடுவில் ஓர் அல்பீசியா மரம் நிற்கிறது. அதன் உயரக் கிளையில் குளவிக் கூடு, பெரிய முறத்தைக் கவிழ்த்துத் தொங்கவிட்டது போல. ஒரு நாள் அந்த மரத்தடியில் பொலி சொன்ன வாய் மூடுமுன் குளவி கலைந்தது. அகஸ்டினா அக்காவின் முகத்தை அவர் பிள்ளைகளுக்குக் காட்டாமலே பெட்டியை மூடினார்கள். பருந்து கூட்டை அடித்துவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பொலிச் சத்தத்தை யாரும் குறை சொல்லவில்லை.

அடுத்த வாரமே கங்காணி, "நிரஞ்சலா, இனிமே நீ சொல்லு புள்ள. ஒன் கையும் ராசியான கைதான்" என்றார்.

அக்கா மறுக்கவில்லை. மற்ற மலைகளில் நன்றாகவே குரல் கொடுத்தாள். ஏழாம் நம்பருக்குப் போகும் நாளில் மட்டும், வாசனைக்குக் குளவி வரும் என்று தலையில் பூ வைக்க மாட்டாள், பவுடர் போட மாட்டாள். மரத்தடிக்குப் போகுமுன் நின்று மேலே பார்ப்பாள். கூடு அசையாமல் இருக்கிறதா, பருந்து ஏதும் சுற்றுகிறதா, எங்கிருந்தாவது புகை வருகிறதா என்று பார்த்த பிறகு, பக்கத்தில் நிற்கும் எனக்கே பாதிதான் கேட்கும்படி பொலி சொல்லுவாள். கூட்டைக் கொளுத்திவிடுகிறோம் என்று லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆண்கள் கேட்டுப் பார்த்தார்கள். "அது விருந்தாளிங்க படமெடுக்கிற மரம். குளவி தானா போயிரும்" என்று சின்னதுரை விடவில்லை.

அந்தப் பருவம் மழை பொய்த்துக் கொழுந்து குறைந்துபோயிற்று. பெண்களுக்குக் காரணம் கையிலேயே இருந்தது.

"ஏண்டி நிரஞ்சலா," என்று ரெங்கம்மா மாமி தேத்தண்ணி நேரத்தில் ஆரம்பிப்பார். "இது பொலியா, பாவசங்கீர்த்தனமா? சாமியார் காதுல சொல்ற மாதிரி சொல்ற?"

"கூடு மேல இருக்கு மாமி."

"கூடு மேலதான் இருக்கும். பின்ன ஒன் மடியிலயா இருக்கும்? கொழுந்துதான் கீழ எறங்கிருச்சி. எல்லாம் ஒன் பொலியால வந்த வென."

"மழ பெய்யாததும் என் பொலியாலதானா?"

"மழயும் கோஷஸ் ஆயிருச்சி போல. மேகம் வருது, ஏழாம் நம்பர எட்டிப் பாக்குது, அப்படியே திரும்பிப் போகுது."

நானும் சிரித்துவிட்டேன். ரெங்கம்மா மாமியின் வாய் அப்படி.

அந்த வார்த்தை பெரட்டுக் களத்திலிருந்து லயத்துக்கு இறங்கியது. வளைவில் மெதுவாகப் போகும் பஸ் கோஷஸ் பஸ். பெண் பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமல் இழுத்தடித்த பண்டாரவளை மாப்பிள்ளை கோஷஸ் மாப்பிள்ளை. குளிக்க அழும் குழந்தையைத் தாய்மார் "கோஷஸ் கழுத" என்று முதுகில் தட்டினார்கள். அக்கா பீலிக் குழாயடிக்குத் தண்ணீர் எடுக்கப் போனால், "கோஷஸ்காரி வர்றா, பீலிக்கு மேல மரம் ஏதும் இருக்கானு பாருங்கடி" என்பார்கள். கொஞ்ச நாளில் அவளை நிரஞ்சலா என்று கூப்பிடுகிறவர்களே குறைந்துவிட்டார்கள்.

நான் பதுளையில் உயர்தரம் வரை படித்துவிட்டு மலைக்கு வந்தவள். ஒரு நாள் சாயங்காலம் ரொட்டி தட்டிக்கொண்டே அக்கா கேட்டாள்.

"தனு, அந்த வார்த்தைக்கு நெசமாவே என்னடி அர்த்தம்?"

"கெட்டது நடக்கலாம்னு தெரிஞ்சி, முன்னாடியே பாத்து நடக்கிறவங்க."

"பயந்தாங்கொள்ளி இல்லயா?"

"இல்லக்கா. பயந்தவங்க ஓடிருவாங்க. இவங்க ஓட மாட்டாங்க. நின்னு பாப்பாங்க, பெறகுதான் கால வைப்பாங்க."

"அப்ப நல்ல வார்த்ததானே?"

"நல்ல வார்த்ததான். டாக்டர சொல்லுவாங்க. டிரைவர சொல்லுவாங்க. பேங்க்ல பெரிய வேலையில இருக்கிறவங்கள சொல்லுவாங்க."

"கொழுந்து பறிக்கிறவள?"

அக்காவின் மகள் விதுஷா, கதவோரத்தில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள், தலையைத் திருப்பாமல் சொன்னாள்: "அவங்க பாத்து நின்னா கோஷஸ்மா. நம்ம பாத்து நின்னா வேலக் கள்ளி."

அக்கா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். பிறகு அந்த வார்த்தையைப் பற்றி அவள் கேட்கவில்லை.

எங்கள் லயத்து அறையில் நாங்கள் மூன்று பேர்தான். அத்தான் கொழும்பில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார். விதுஷாவைக் கொழுந்துக் கூடை தொட விடக் கூடாது என்பது அக்காவுக்கு இருந்த ஒரே பிடிவாதம். பண்டாரவளையில் ஹோட்டல் வேலைக்கான படிப்பை அவள் முடித்திருந்தாள். பங்களாவில் வரவேற்பு மேசைக்கு ஆள் தேவை என்று தெரிந்ததும் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு ஒஃபீசுக்குப் போனாள். நானும் போயிருந்தேன்.

சின்னதுரை விதுஷாவோடு ஆங்கிலத்தில் பேசிப் பார்த்தார். அவள் தடுமாறாமல் பதில் சொன்னாள். அவருக்குத் திருப்திதான். ஆனாலும் அக்காவைப் பார்த்துச் சொன்னார்: "விருந்தாளிங்க முன்னால தைரியமா நிக்கணும். ஒன்ன மாதிரி இருந்தா சரிவராது."

"எம் மக என்ன மாதிரி இல்ல சார்," என்றாள் அக்கா.

"பாப்போம்."

அந்தப் 'பாப்போம்' தொங்கிக்கொண்டிருந்தபோதுதான் வீடியோ எடுக்கிறவர்கள் வந்தார்கள். பங்களாவுக்கு விளம்பரம் செய்யக் கொழும்பிலிருந்து வந்த ஆட்கள். எல்லோரும் நல்ல சேலை கட்டி, பூ வைத்து ஏழாம் நம்பருக்கு வர வேண்டும் என்று முதல் நாளே உத்தரவு. அக்கா பூ வைக்காமல் வந்தாள். கங்காணி அதைப் பார்த்துவிட்டு ஒரு முழம் மல்லிகையைக் கொடுத்தனுப்பினார். ரெங்கம்மா மாமிதான் அதை அக்காவின் கொண்டையில் அழுத்திக் குத்திவிட்டார். "இப்பதான் பொம்பள மாதிரி இருக்க."

கார் ரோட்டில் வேன் நின்றது. சின்னதுரை தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக நின்றார். அவர்கள் ஒரு ட்ரோனை எடுத்து ரோட்டில் வைத்தார்கள். அது இரைந்துகொண்டு எழும்பி எங்கள் தலைக்கு மேல் வந்து, அல்பீசியா மரத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. அக்கா மேலே பார்த்தாள். நானும் பார்த்தேன். கூட்டின் மேல்தோல் தண்ணீரில் அலை போவது போல ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சிலிர்த்தது.

"கங்காணி, அந்த மெசின மரத்துக்குக் கிட்ட விட வேணாம்னு சொல்லுங்க."

"நான் சொல்ற எடமா புள்ள அது? வேணும்னா நீ போய்ச் சொல்லு."

அக்கா போனாள். நிரையை விட்டு இறங்கி, ரோட்டுக்குப் போய், கைகட்டி நின்று சொன்னாள். சின்னதுரை முதலில், கொழும்பிலிருந்து வந்தவர்களிடம் திரும்பி ஆங்கிலத்தில், "இவதான் எங்க கோஷஸ் லேடி" என்றார். அவர்கள் அன்பாகத்தான் சிரித்தார்கள். ஒரு பெண் அக்காவை ஃபோனில் படமும் எடுத்தாள். பிறகு அவர் அந்தச் சிரிப்பு மாறாமலே தமிழில் சொன்னார்.

"நிரஞ்சலா, விதுஷாவ ஒண்ணாந்தேதி வரச் சொல்லலாம்னு இருந்தேன். இன்னொரு தடவ யோசிக்கணுமா?"

"வேணாம் சார்," என்றாள் அக்கா. "யோசிக்க வேணாம்."

திரும்பி வந்தாள். இடுப்பிலிருந்த படங்கை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டாள். விதுஷாவின் பழைய பள்ளிக்கூடப் பையிலிருந்து வெட்டிய நீலத் துணியை ஒட்டுப்போட்ட படங்கு. என் பக்கம் பார்க்காமல் சொன்னாள்: "கொஞ்சம் தள்ளி நில்லுடி. ஏதும் ஆச்சினா ஓடாத. செடிக்கு அடியில குப்புறப் படுத்து மூடிக்க. கத்தாத."

மரத்தடிக்குப் போய் முதல் பிடியைப் பறித்துக் கூடையில் போட்டு, "பொலி" என்றாள். நாங்கள் ஏந்திக்கொண்டோம்.

ரோட்டிலிருந்து சின்னதுரை கையைத் தூக்கினார். "கேக்கல! இன்னொருக்கா!"

மறுபடி சொன்னாள்.

"சத்தமா! மெசினுக்குக் கேக்கணும்!"

மூன்றாம் முறை அவளிடமிருந்து வந்த குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. நெஞ்சிலிருந்து எழுந்து பள்ளத்தைத் தாண்டி எதிர் மலையில் பட்டுத் திரும்பியது. ரெங்கம்மா மாமிகூட வாய் பிளந்து பார்த்தார். கங்காணி, "அப்படிச் சொல்லு!" என்றார். ட்ரோன் அந்தக் குரலைத் தேடி வருவது போல் கிளைகளுக்குள் இறங்கியது.

பிறகு வெளிச்சம் மங்கியது.

நான் அக்கா சொன்னபடியே விழுந்து, படங்கை இழுத்துத் தலையை மூடிக்கொண்டேன். தேயிலைச் செடிக்கு மேலே இலை நெருக்கமாக இருக்கும். கீழே வெறும் தூர்கள்தான். தரையோடு படுத்தால் அடுத்த நிரைகள் வரை தெரியும். அக்கா படுத்திருந்தது தெரிந்தது. கூந்தலிலிருந்த மல்லிகையைப் பிய்த்துத் தூர எறிந்திருந்தாள். நீல ஒட்டு அவள் தலைக்கு மேல் இருந்தது. அசையவே இல்லை. முதுகில், காலில் குளவி ஊர்ந்தும் அசையவில்லை. கத்தியவர்களையும் ஓடியவர்களையும் துரத்திக்கொண்டு குளவி மேட்டுப் பக்கம் போயிற்று. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்திருந்தால் அவள் உயிரோடு எழுந்திருப்பாள்.

ரெங்கம்மா மாமி மேட்டிலிருந்து திரும்பி ஓடி வந்தார். தலையே தெரியாமல் குளவி. தடுக்கி அக்காமேல் விழுந்தார். "எனக்குக் குடுடி, எனக்குக் குடு" என்று படங்கைப் பிடித்து இழுத்தார். அக்கா விடவில்லை. ரெங்கம்மா மாமி அவள் கையைக் கடித்தார். நீல ஒட்டு ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்குப் போனது. அக்கா அப்போதும் கத்தவில்லை. வெறும் கைகளால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ரோட்டில் வேன் கண்ணாடிகள் ஏறும் சத்தம் கேட்டது. பிறகு வேன் போகும் சத்தம்.

கொழுந்து லொறியில்தான் எங்களைப் பதுளைக்கு ஏற்றினார்கள். எனக்கும் கழுத்திலும் காலிலும் கொட்டியிருந்தது. கண் இமை வீங்கி ஒரு கோடு அளவுதான் பார்வை. அக்காவின் தலை என் மடியில் இருந்தது. ஹாலிஎலையில் ரயில் கடவை மூடியிருந்தது. டிரைவர் ஹோர்ன் அடித்தான். காவலாளி கையை விரித்தான். ரயில் மெதுவாக வந்து, மெதுவாகப் போயிற்று. ஜன்னல்களில் வெளிநாட்டுப் பிள்ளைகள் எங்களுக்குக் கையாட்டினார்கள். கடவை திறந்தபோது மடியிலிருந்த தலை கனத்திருந்தது.

வார்டில் எனக்கு அடுத்த கட்டில் ரெங்கம்மா மாமிக்கு. தாதி ஒருத்தி அவருக்கு மருந்து போட்டுக்கொண்டே, "தலைய மூடிக்கிட்டதாலதான் ஒங்க உயிர் தப்பிச்சது, நல்ல புத்திசாலி அம்மா" என்றாள். ரெங்கம்மா மாமி என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அக்காவைப் புதைத்து முப்பதாம் நாள் முடிவதற்குள் தோட்டத்து ஒஃபீசில் விசாரணை வைத்தார்கள். பெரியதுரை, சின்னதுரை, வெளியிலிருந்து ஓர் அதிகாரி. சாட்சிக்கு நானும் லூக்காஸ் கங்காணியும். ட்ரோன் என்று நான் சொன்னேன். சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள் என்றும் சொன்னேன். அதிகாரி கங்காணியைப் பார்த்தார். கங்காணி தொப்பியைப் பார்த்துக்கொண்டு, "பொலி சொல்றது நம்ம வழக்கந்தானுங்க. சத்தமாத்தான் சொல்லுவோம்" என்றார். அது பொய் இல்லை.

சின்னதுரை ஆங்கிலத்தில் பேசினார். வருத்தமாகத்தான் பேசினார். நல்ல தொழிலாளி, மலையில் கூடு இருப்பது அவளுக்குத் தெரியும், மரத்துக்கு நேர் கீழே போய் நின்றது அவள்தான் என்றார். கடைசியாக, அவள் போதிய அளவு கோஷஸாக இருக்கவில்லை என்றார். அதிகாரி தலையாட்டினார்.

கங்காணி என் பக்கம் குனிந்தார். "கோஷஸ்ங்கிறாரே, என்ன சொல்றாரு புள்ள?"

"அக்கா கோஷஸா இருக்கலயாம்."

பழக்கத்தில் அவர் முகம் சிரிப்பதற்கு விரிந்தது. பாதியில் நின்றுவிட்டது. தொப்பியை மறுபடி பார்க்க ஆரம்பித்தார்.

விதுஷா ஒண்ணாந்தேதி வேலைக்குப் போனாள். நான் வாசலில் மறித்து நின்றேன்.

"அவன் மூஞ்சில எப்படிடி முழிப்ப?"

"அம்மா இதுக்குத்தானே கத்துச்சி, சித்தி," என்றாள். "நான் போகாட்டி அது எதுக்குக் கத்துச்சி?" சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு என்னைச் சுற்றிக்கொண்டு போனாள்.

கூடு அப்படியே இருக்கிறது. விருந்தாளிகள் நடக்கும் பாதையை மட்டும் மேலே தள்ளி வெட்டினார்கள். பாதை தொடங்கும் இடத்தில் இரும்பு எச்சரிக்கைப் பலகையும் கட்டினார்கள். எங்கள் நிரைகள் மாறவில்லை. பெரட்டில் ஆங்கில வார்த்தை சில வாரம் நின்று, மறுபடி தொடங்கிவிட்டது.

ஏழாம் நம்பரில் கொழுந்து முற்றிப்போகிறது என்று ஒரு நாள் எங்களை அங்கே பிரித்தார்கள். எல்லோரும் மரத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுகொண்டார்கள். லூக்காஸ் கங்காணி என்னைக் காட்டினார்.

"தனுஜா, நீ சொல்லு புள்ள. அக்கா கை ஒனக்கும் இருக்கும்."

ரெங்கம்மா மாமி எனக்கு அடுத்த நிரையில் நின்றார். இடுப்பில் நீல ஒட்டுப் போட்ட படங்கு. துவைத்து, விளிம்பைப் புதிதாகத் தைத்திருந்தார். திருப்பித் தரும் எண்ணம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

மேலே புதுப் பாதையில் விருந்தாளிகள் நாலைந்து பேர். முன்னால் விதுஷா, பங்களாச் சேலையில். பலகைக்குப் பக்கத்தில் நின்று எங்கள் மலையைக் காட்டி ஏதோ சொன்னாள். காற்று இந்தப் பக்கம் அடித்தபோது குரல் தெளிவாகக் கேட்டது. "ப்ளீஸ் பி கோஷஸ்." சிரித்த முகத்தோடு, ஒவ்வோர் எழுத்தும் சுத்தமாக. விருந்தாளிகள் உடனே நின்று மரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவர்கூட அதற்குச் சிரிக்கவில்லை.

நானும் பார்த்தேன். கூட்டைப் பார்த்தேன், வானத்தைப் பார்த்தேன், எங்காவது புகை தெரிகிறதா என்று பார்த்தேன். முதல் பிடியைப் பறித்துக் கூடையில் போட்டு, உதடு அசைய மட்டும் பொலி சொன்னேன்.

"அக்காக்காரியோட போச்சினு பாத்தா," என்றார் ரெங்கம்மா மாமி, "இதும் கோஷஸ்காரிதான்டி."

நிரை முழுக்கச் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் பொலியோ பொலி என்றார்கள். ரெங்கம்மா மாமியும் சொன்னார், படங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. ஒருத்தி குரலும் பக்கத்துச் செடியைத் தாண்டவில்லை.